கப்பல் சித்தப்பா நின்ற கதவுகள்

யாரைப் போல வேண்டுமானாலும் நான் பேசிக்காட்டுவேன். பல் டாக்டர், தலைமையாசிரியர், எப்போதும் மூக்கடைத்திருக்கும் அத்தை. ஆனால் அதிகக் கைதட்டல் வாங்கித் தந்தவர் கப்பல் சித்தப்பாதான்.

அப்பாவின் தம்பி. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருடம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார் என்று வீட்டில் சொல்வார்கள். இப்போது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருக்கிறார். கொதிநீரில் வெந்து, காய்ந்து வரும் விரிப்புகளை அவர் மடிப்பதைப் பார்க்க வேண்டும். நான்கே மடிப்பு. ஓரமெல்லாம் உள்ளே, மூலையில் அச்சடித்த எண் மட்டும் வெளியே. அடுக்கி வைத்தால் செங்கல் சுவர் மாதிரி நிற்கும்.

வாசல் என்று ஒன்று வந்தால் சித்தப்பா நின்றுவிடுவார். இரண்டு கையும் தொடையோடு ஒட்டிக்கொள்ளும். கதவு விரியத் திறந்தே கிடந்தாலும் யாராவது கூப்பிட்டால்தான் நகர்வார். கூப்பிட்டதும் ஒரு செருமல், பிறகு "வந்துட்டேன் சார்." சித்தி கூப்பிட்டாலும் சார்தான்.

"ஏன் சித்தப்பா, கப்பல்ல கதவே கிடையாதா?" என்று சீண்டுவேன்.

"இருந்துச்சுடா. நிறைய இருந்துச்சு" என்பார்.

இதற்கென்றே ஒரு கேப்டன் குரல் தயார் செய்து வைத்திருந்தேன். அடித்தொண்டையில் உருட்டி, "கேப்டன் உத்தரவு! வெளியே வரலாம்!" என்பேன். அவர் வருவார். வீடே சிரித்து உருளும். அவருடைய மகளுக்கும் அந்தக் குரலைப் பழக்கிவிட்டேன். சின்ன வயதில் அவள் வரைந்ததெல்லாம் கப்பல். ஒவ்வொன்றிலும் மேல்தளத்தில் அவள் அப்பா கையசைத்துக்கொண்டிருப்பார்.

பல வருடமாகப் பூட்டிக் கிடந்த பழைய சிறையைக் காட்சிக்கூடமாக மாற்றினார்கள். ஓவியர் அக்கா ஒருவர், கைதிகள் சுவரில் கீறிவைத்த கோடுகளைப் படியெடுத்துப் பெரிதாக வரைந்தார். ஒவ்வோர் அறை வாசலிலும் ஒரு தொடுதிரை. படத்தில் விரல் வைத்தால் ஒரு கைதியின் கதை குரலாக வரும். அந்தக் குரல்களுக்கு என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

காவலர்கள் எழுதிவைத்த தினப்பதிவேட்டிலிருந்து எடுத்த கதைகள். பெயர் இல்லை, எண் மட்டும்தான். ஒரு தாளில் இப்படி இருந்தது: 'இருநூற்றுப் பன்னிரண்டு. கதவு திறந்திருந்தாலும் சொல்லாமல் வெளியே வருவதில்லை.'

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா, இது அச்சு அசல் எங்க சித்தப்பா!"

"அப்ப அவர் குரலையே போட்டுடு" என்றார் அக்கா.

போட்டேன். செருமலோடு, 'வந்துட்டேன் சார்' உட்பட. ஒலிப்பதிவு செய்தவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கப்பல் என்று சொன்னார்கள், கப்பல் என்றே நம்பியிருந்தேன்.

திறப்பு நாளன்று சித்தப்பா வரமாட்டேன் என்றார். "உங்களுக்காக ஒண்ணு பண்ணி வெச்சிருக்கேன். வரலைன்னா பேசவே மாட்டேன்" என்று அடம்பிடித்தேன். மகள்தான் வண்டியில் கூட்டிவந்தாள். அவரை இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தப் போனாள்.

எந்த வாசலிலும் நிற்பவர், நான் அவர் குரலைப் போட்டிருந்த அறை வாசலில் நிற்கவில்லை. நேராக உள்ளே போனார். சிமென்ட் மேடையில் ஒரு பழைய கம்பளியை ஓவியர் அக்கா அழகுக்காகச் சுருட்டி வைத்திருந்தார். சித்தப்பா அதை உதறினார். நான்கு மடிப்பு. ஓரமெல்லாம் உள்ளே, எண் வெளியே.

அதே நேரம் வாசலில் இரண்டு பெண்கள் திரையைத் தொட்டார்கள். செருமல் கேட்டது. 'வந்துட்டேன் சார்.' பெண்கள் சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போனார்கள். சித்தப்பா திரையில் இருந்த எண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சித்தப்பா... இது நீங்களா?"

"நம்பர் சரிதான். ரூம் இது இல்ல, எதிர் வரிசை." குரல் தாழ்ந்தது. "பாப்பாவுக்குத் தெரியாதுடா. அவ வர்றதுக்குள்ள அதை நிறுத்து."

எங்கே அணைப்பது என்று தெரியாமல் ஒயரையே பிடுங்கினேன். திரை கறுத்துப்போவதற்கும் அவள் வருவதற்கும் சரியாக இருந்தது.

"எங்கண்ணா உன் குரல்?"

"ரிப்பேர்."

"முதல் நாளேவா? நல்லா வேலை பாத்தீங்க போ!" என்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

சித்தப்பா கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். அறையைவிட்டு வெளியே வரவில்லை. 'வாங்க சித்தப்பா' என்று சொல்லவேண்டியது நான்தான். அத்தனை பேர் குரல் வைத்திருந்தும் என் வாயில் ஒன்றும் எழும்பவில்லை.

அவள்தான் சிரித்துக்கொண்டே அடித்தொண்டையில் உருட்டினாள். "கேப்டன் உத்தரவு! வெளியே வரலாம்!"

"வந்துட்டேன் சார்" என்று சித்தப்பா வெளியே வந்தார்.

அன்று சாயங்காலம் அப்பாவைப் பிடித்துக் கேட்டேன். வாலிப வயதில் ஒரு கைகலப்பு. சித்தப்பா தள்ளிவிட்டதில் ஒருவன் படியில் விழுந்து செத்துப்போனான். ஆறு வருடத் தண்டனை.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லப்பா?"

"உங்கிட்டயா? ஊருக்கே பேசிக்காட்டியிருப்ப."

மறுநாள் போய் அந்தப் பதிவை அழித்தேன். செருமல் இல்லாமல், யாருடைய குரலும் இல்லாமல், தாளில் இருந்ததை அப்படியே படித்தேன். "முன்ன இருந்தது நல்லா இருந்துச்சேப்பா" என்றார் ஓவியர் அக்கா. வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

போன மாதம்தான் சித்தப்பா தானாகவே மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். இதை எழுதிக்கொள்ளவும் சரி என்றார். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு வருடம் அவளுக்குத் தெரியாமலே போனது. அந்தக் காட்சிக்கூடத்துக்குப் போய்வந்த பிறகு சொந்தக்காரர்கள் முதல்முறை கூடியபோதே பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "கப்பல் சித்தப்பா பண்ணு! கப்பல் சித்தப்பா!"

மறந்துவிட்டது என்றேன்.

"நீயாவது மறக்கறதாவது!" என்று மகள் என்னை உற்றுப் பார்த்தாள். "அந்த ஜெயிலுக்குப் போய்ட்டு வந்ததிலிருந்தே அப்பாவைப் பண்ண மாட்டேங்கற. என்னண்ணா ஆச்சு?"

மூலையில் மேஜை விரிப்பை மடித்துக்கொண்டிருந்த சித்தப்பாவின் கை நின்றது.

"கேக்கறாங்கல்ல, பண்ணுடா" என்றார் என்னிடம். முகத்தில் சிரிப்பு இருந்தது. கண் மட்டும் கெஞ்சியது.

எழுந்தேன். கையைத் தொடையோடு ஒட்டவைத்தேன். செருமினேன். "வந்துட்டேன் சார்."

முதல் சிரிப்பு சித்தப்பாவுடையது. மற்றவர்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான் சிரித்தார்கள்.