கல்யாணத்துக்காக நிறுத்திய ஊசி

நடந்தது இதுதான்:

1. சிறுவயதில் என் அக்காவுக்குத் தொண்டை வலியும் மூட்டு வீக்கமும் வந்து, இதயமும் பாதிக்கப்பட்டது.
2. மாதம் ஒரு பென்சிலின் ஊசி போட்டுவந்தால் மேலும் கெடாது என்றார் திருச்சி டாக்டர்.
3. கீரனூரிலிருந்து பஸ்ஸில் போய்த் தவறாமல் போட்டுவந்தோம்.
4. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் நிறுத்திவிட்டோம்.

"மாசாமாசம் ஊசிக்குப் போனா மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமப் போகுமா? தாலி ஏறட்டும், பெறகு பாத்துக்கலாம்" என்றார் ஆத்தா.

"அப்பாடா! குத்திக் குத்தி இடுப்பே கல்லாப் போச்சு. தப்பிச்சேன்டி" என்று அக்கா சிரித்தாள்.

நான் அப்போது நர்ஸ் படிப்பு முடித்திருந்தேன். ஆபத்து எனக்குத் தெரியும். வீட்டில் வைத்து நானே போட்டிருக்கலாம். ஆத்தா சொன்னதற்குத் தலையாட்டினேன்.

அன்னவாசலில் புகுந்த வீட்டிலும் அக்கா சொல்லவில்லை. மறு வருடமே காய்ச்சலோடு மூட்டுகள் வீங்கின. பிறகு தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலே மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில்தான் மச்சானுக்கு எல்லாம் தெரிந்தது. சத்தம் போடுவார் என்று பயந்து நின்றோம்.

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பஸ்ஸுல கூட்டிட்டுப் போயிருப்பேனே" என்றார் அக்காவிடம்.

இப்போது நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் இந்த ஊசிக்கு வரும் பெண்களின் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காதீர்கள், ஊசியை நிறுத்தாதீர்கள்.

அக்காவை மச்சான்தான் மாதந்தோறும் ஊசிக்கு அழைத்துப் போகிறார். கெட்டுப்போன இதய வால்வு சரியாகவில்லை. பிள்ளை பெறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.