ரேடியேட்டர் ஆறும்வரை ஒரு நாவல்

போன வாரம் மகள் ஒரு புத்தகம் அனுப்பியிருந்தாள். பழைய அமெரிக்க நாவல், புது மொழிபெயர்ப்பு, வழவழ அட்டை. மோந்து பார்த்தேன், ஒரு வாசனையும் இல்லை. எரிச்சலாக வந்தது. என்னிடமிருந்த பழைய பிரதியில் தோல்பையும் சில்லறையும் பலாப்பழமும் கலந்து நாறும்.

அந்த நாற்றத்துக்குக் காரணம் கண்டக்டர் ராசேந்திரன். அப்போது நான் கல்வராயன் மலையில் வாத்தியார். பள்ளிக்கூடம் விட்டால் பேச ஆள் கிடையாது, ஊரே காட்டுவேலைக்குப் போயிருக்கும். சுவரோடு பேசினேன் என்றால் நம்புங்கள், கொஞ்சம் சத்தமாகவே. சனிக்கிழமை கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, திங்கட்கிழமை ஏறுவேன். நான் ஓடிவருவதைப் பார்த்துக்கொண்டே விசில் ஊதுகிற ரகம் ராசேந்திரன்.

பாதி மலையில் ஓர் ஓடை. ஏறும்போது அதற்குள் இன்ஜின் கொதித்துவிடும். ரேடியேட்டர் ஆறித் தண்ணீர் ஊற்றும்வரை எல்லோரும் இறங்கி நிற்போம். அங்கேதான் ஒருநாள் என் கையிலிருந்த புத்தகத்தை ராசேந்திரன் பிடுங்கிப் பார்த்தார்.

"இன்னா வாத்தியாரே, கதையா?"

"ரெண்டு கூலிக்காரங்க. வேலை தேடி ஊர் ஊரா அலையறாங்க. ஒருத்தருக்கு ஒருத்தர விட்டா நாதி இல்ல. கொஞ்சம் சொந்த நெலம் வேணும்னு ஆசை."

டிப்போவிலேயே படுத்து எழுகிற தனிக்கட்டை அவர். புத்தகம் தோல்பைக்குள் போய்விட்டது. அடுத்த வாரத்திலிருந்து ஓடையோரப் பாறையில் உட்கார்ந்து பயணிகளுக்குப் படித்துக்காட்ட ஆரம்பித்தார். பக்கத்தில் எனக்கு இடம் வைத்திருப்பார். விசிலும் எனக்காகக் காத்திருந்தது. அந்த மலையில் எனக்கென்று ஒரு சிநேகிதர். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

கடைசி அத்தியாயத்தில்தான் வந்தது வம்பு. பலாப்பழம் விற்றுவிட்டு மலைக்குத் திரும்பும் அம்மா ஒருத்தி கேட்டாள்.

"அவுங்களுக்கு நெலம் கெடச்சிச்சாப்பா?"

"கெடச்சிச்சி! இன்னா பயிர் வெச்சானுங்க தெரியுமா?" புத்தகத்தை மூடிவிட்டுக் கையை ஆட்டி ஆட்டி அளந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவன் செத்துப்போகிறான் ஐயா, அதுதானே கதை! பஸ் கிளம்பியதும் பிடித்துக்கொண்டேன்.

"முடிவ மாத்த நீங்க யாரு?"

"ரெண்டு தபா படிச்சிட்டேன் வாத்தியாரே. அந்தச் சாவு நம்ம வண்டில ஏறாது, அவ்ளோதான்." முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாரக்கணக்கில் இதே சண்டை. அப்புறம் ஒரு திங்கட்கிழமை வேறு கண்டக்டர். ராசேந்திரனை மாற்றிவிட்டார்களாம். எந்த டிப்போ என்று கேட்டால் ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். புத்தகமும் அவரோடு போயிற்று.

இப்போது பஸ் அந்த ஓடையில் நிற்பதில்லை. புது இன்ஜின், கொதிப்பதே இல்லை. சமீபத்தில் மலைக்குப் போனபோது, ஜன்னல் வழியே பாறையைத் தேடுவதற்குள் வளைவு முடிந்துவிட்டது.

நேற்று புதுப் புத்தகத்தின் முடிவைப் படித்தேன். அதிலும் அவன் சாகத்தான் செய்கிறான். நான் சொன்னதுதான் சரி, என்ன பிரயோஜனம்? ராசேந்திரன் சொன்ன முடிவு எந்த அச்சிலும் கிடைக்காது. கேட்டவர்களில் மிச்சம் யார் இருக்கிறார்களோ! அந்த இருவரும் தங்கள் நிலத்தில் என்ன பயிர் வைத்தார்கள், சாமையா, மரவள்ளியா? தலையைப் பிய்த்துக்கொள்கிறேன். ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.