பனிக்குள் போன பயணப் பை

மாமியை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது, மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு தெருவோரப் பனிக்குவியலின் மேல் அவர் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்த காட்சிதான். காலில் கான்வஸ் சப்பாத்து, உடம்பில் பருத்திச் சட்டை, அதற்கு மேல் மாமாவின் பழைய ஸ்வெட்டர். பனியை அள்ளி லொறிக்குள் வீசும் பெரிய இயந்திரம் அவருக்கு முன்னால் உறுமிக்கொண்டு நின்றது. அவர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மாமி என் அம்மாவுடைய தம்பியின் மனைவி. செயின்ட்-லோரன்டில் உறைய வைத்த கோழியைப் பொதி செய்யும் தொழிற்சாலையில் பல வருடங்கள் வேலை செய்தவர். அந்தக் குளிர் அவருடைய விரல்களைப் பிடித்துக்கொண்டது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பாலை எடுத்தாலே விரல்கள் மெழுகுபோல் வெளிறி, பிறகு நீலமாகிவிடும். இன்னொரு தரம் குளிர் ஏறினால் விரலை வெட்டவேண்டி வரலாம், சூடான இடமாகப் பார்த்துப் போங்கள் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மாமா ஓடித்திரிந்து ஆஸ்திரேலியாவில், டார்வின் நகரத்தில் ஒரு வேலை எடுத்தார். அங்கே குளிர் என்ற பேச்சே கிடையாது. விசாவும் வந்தது. ஆனால் ஒரு குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைக்குள் போய் இறங்காவிட்டால் அது செல்லாது. அதே வாரம் திங்கட்கிழமை மத்தியானம் விமானம்.

ஞாயிறு காலை மாமி தன் கோட்டு, பூட்ஸ், கையுறை எல்லாவற்றையும் புதிதாக வந்திருந்த ஒரு மன்னார்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். மாமாவுடையதையும் விடவில்லை. "இனி இந்தச் சனியனுகள் எங்களுக்கு என்னத்துக்கு?" என்று சிரித்தார். அன்று பின்னேரமே பனி கொட்டத் தொடங்கியது. விடிய விடியக் கொட்டியது. போகிறவர்களை வாசலில் மறித்து நிற்கும் கடன்காரனைப் போல எனக்குப் பட்டது.

புறப்படவேண்டிய நேரம் சரியாக ராகுகாலத்துக்குள் விழுந்தது. எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரு வழி உண்டு. நல்ல நேரத்திலேயே பயணப் பையை வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ஆட்கள் ஆறுதலாகக் கிளம்பலாம். மாமியின் வீடோ இரண்டாம் மாடியில். ஆகவே அவர் காலையிலேயே வழுக்கும் இரும்புப் படியில் இறங்கி, கீழே நடைபாதை ஓரமாக ஒரு சின்னப் பையை வைத்துவிட்டு வந்தார். வெறும் பையை வைத்தால் அது கள்ளப் பயணமாம். அதனால் கடவுச்சீட்டுகளையும் விசாக் கடதாசிகளையும் அதற்குள்ளேயே வைத்தார்.

நான் காரைக் கொண்டுபோய் நிறுத்தியபோது மாமாவும் மாமியும் பெட்டிகளோடு கீழே நின்றார்கள். பையைக் காணவில்லை. நடைபாதையைத் துப்புரவாக்கும் சின்ன வண்டி போன தடம் மட்டும் இருந்தது. அது எல்லாவற்றையும் வழித்துத் தெருவோரம் தள்ளிவிட்டுப் போயிருந்தது. அங்கே பனி என் நெஞ்சளவுக்குக் குவிந்து கிடந்தது.

"உமக்கு விசரே? பாஸ்போட்டைக் கொண்டுபோய் ஆரும் றோட்டில வைப்பினமே?" என்று மாமா கத்தினார்.

"பேந்து ஏசுங்கோ. இப்ப கிண்டுங்கோ" என்றார் மாமி.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் சைரன் ஊதியது. மொன்றியலில் இருப்பவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும்: கார்களை எடு, பனி அள்ள வருகிறார்கள். கீழ்வீட்டாரின் மண்வெட்டியால் மாமா ஒரு பக்கம் கிண்டினார். என் கையுறைகளைக் கழற்றி மாமியிடம் கொடுத்தேன். போட்டவர், உடனேயே இழுத்து எறிந்தார்.

"இதோட ஒண்டும் தட்டுப்படுதில்லை, பிள்ளை."

"மாமி, விரல்!"

"விரல் இருந்தென்ன, பாஸ்போட் இல்லாட்டி?"

இயந்திரத்துக்கு முன்னால் நடந்து வந்த செம்மஞ்சள் உடுப்புக்காரர், "மதாம்! மதாம்!" என்று கையை ஆட்டினார். என் அரைகுறைப் பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னேன். அவர் பின்னால் நிற்கும் லொறி வரிசையைக் காட்டித் தோளைக் குலுக்கினார். அப்போதுதான் மாமி அந்தக் குவியலின் மேல் ஏறி உட்கார்ந்தார்.

"நான் எழும்பமாட்டன். அள்ளுறதெண்டால் என்னையும் சேர்த்து அள்ளச் சொல்லு."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அந்த மனிதருக்கு விளங்கிவிட்டது. கையை உயர்த்தினார், இயந்திரம் நின்றது. லொறியிலிருந்து ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவரும் கிண்ட வந்தார். பின்னால் ஹோர்ன்கள் அலறின. உட்கார்ந்த இடத்திலிருந்தபடியே மாமி முழங்கைவரை பனிக்குள் விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தார். கடைசியில் பையின் வாரைப் பிடித்து இழுத்தது அவருடைய கைதான்.

காரில் மாமா அந்தக் கைகளைத் தன் சட்டைக்குள் விட்டு, வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடியில் பார்த்தேன், அழுதுகொண்டிருந்தார். விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் பிடிக்க மாமியின் விரல்கள் மடங்கவில்லை.

டார்வினில் அவருடைய வலக்கைச் சுட்டுவிரலின் நுனியை எடுத்துவிட்டார்கள். செய்தி கேட்டு நான் அடுப்படியில் நின்று அழுதேன். எதைக் காப்பாற்றப் போனார்களோ, அதைக் கொடுத்தல்லவா போய்ச் சேர்ந்தார்கள்!

சென்ற தை மாதம் அங்கே போயிருந்தேன். வெளியே புழுக்கமும் மழையும். மாமி தரையில் உட்கார்ந்து சோறு குழைத்துக்கொண்டிருந்தார். அன்றைய கதையை எடுத்தேன்.

"நல்ல நேரத்தில வெளிக்கிட்டபடியால்தான் ஒரு விரலோட போச்சு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. வாய் திறந்தேன்.

"ஓம், திற" என்று ஒரு கவளத்தை வைத்துவிட்டார். மொன்றியலில் மாமி கன்னத்தைத் தொட வந்தாலே நான் விலகிவிடுவேன். அப்படி ஐஸாக இருக்கும் அந்தக் கை. இப்போது என் உதட்டில் பட்ட அந்தக் குறைவிரல் சூடாக இருந்தது.