பச்சைத் திரை போட்ட ஜன்னல்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். ஒசாகாவில் என் எதிர்வீட்டுக்காரன் மிட்சுதாவுக்கு நடந்தது இது. நானாக ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.

தனியாகச் செத்து, வாரக்கணக்கில் கிடந்தவர்களின் அறையைக் கழுவுவதுதான் அவன் பிழைப்பு. கதவிடுக்கில் மோந்தே உள்ளே பிணம் கிடக்கிறதா என்று சொல்லிவிடுவான். அதில் அவனுக்குப் பெருமை வேறு. அவன் அம்மா இரண்டு ரயில் மாறிப் போகும் தூரத்தில், நான்காம் மாடியில் தனியாக இருந்தாள். புத்தாண்டுக்குப் போனபோது, "நானும் நாறினாத்தான் வருவியாடா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் மூன்று மாதமாக இவன் ஒரு போன்கூடப் போடவில்லை.

செத்தவர் அறையிலிருந்து குண்டூசியைக்கூட எடுக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலில் கட்டுப்பாடு. இவன் ஒரு ஓவியத்தை எடுத்து வந்து மாட்டினான். சாம்பலும் சிவப்புமாக வெறும் திட்டுகள்; தள்ளி நின்றால் நகரமாகத் தெரியும். அதில் ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் ஒரு ஜன்னல் மட்டும், பச்சைத் திரையோடு, அச்சு அசலாக இருந்தது.

"பொணம் கெடந்த ரூம் படத்தையா வீட்ல மாட்டின? உன் மூக்கு செத்துப்போச்சா?" என்றார் கூட வேலை செய்யும் ஹிகா.

வெள்ளிக்கிழமை, மதியம் 3.10. அந்த ஜன்னலில் பழுப்பாக ஏதோ கசிந்தது. சீழ் மாதிரி. சீ... அழுகல் நாற்றம். துடைத்தான்.

சனி, அதே 3.10. மறுபடியும். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது, சோப்புக்கும் போகவில்லை. தின்ற சோற்றையெல்லாம் கக்கினான்.

ஞாயிறு, 3.10. கத்தியால் சுரண்டினான். கிர்ர்... கிர்ர்... கத்தியை எடுத்த பிறகும் சத்தம் நிற்கவில்லை.

அப்போதுதான் திரையை அடையாளம் கண்டான். அம்மாவுக்கு அவனே வாங்கிக் கொடுத்தது.

போன் செய்தான். எடுக்கவில்லை. ஓடினான்.

4.20. அம்மா வீட்டு மணியை இரண்டு முறை அடித்தான். சாவி இல்லை. கதவில் கடிதம் போடும் துவாரத்தில் மூக்கை வைத்தான். அந்துருண்டை வாசம் மட்டும்.

நாறவில்லை. அப்பாடா... தெருக்கோடிப் பொதுக் குளியல் கூடத்துக்குப் போயிருப்பாள். திரும்பிவிட்டான்.

புதன்கிழமை போலீஸ் கூப்பிட்டது.

அவள் விழுந்தது வெள்ளி மதியம். கதவுவரை ஊர்ந்து வந்திருக்கிறாள். உயிர் போனது ஞாயிறு இரவு என்றார் டாக்டர்.

கதவின் உட்புறம், அந்தத் துவாரத்துக்குக் கீழே, நகக் கீறல்கள்.

அவள் நகங்களுக்குள் அதே பழுப்பு நிறத்தில் ஓவியச் சாயம்... இன்னும் காயாமல்.