ஜோசப்ராஜ் சொல்லாத சொல்

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்களை ராஜகிரி உச்சி வரை கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டுவது ஜோசப்ராஜின் வேலை. இருபத்தெட்டு வருடமாக இதே வேலைதான். வயது ஐம்பத்தாறு. ஆள் ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி. கோட்டை காட்டுகிற மற்றவர்களைப் போல ராஜாக்கள் கதையைத் தொண்டை கிழியக் கத்திச் சொல்லமாட்டார். எந்தப் படியில் வயதானவர்களுக்கு மூச்சு வாங்கும், எந்தத் திருப்பத்தில் குரங்கு பையைப் பிடுங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வெயில் ஏறிவிட்டால் யார் கெஞ்சினாலும் மேலே கூட்டிப்போகமாட்டார். "கோட்ட எங்கியும் ஓடிடாது. காலைல வாங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

அவரைப் பற்றி எழுதும் நான் கோதண்டராமன், ஓய்வுபெற்ற தமிழாசிரியன். அவலூர்பேட்டைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் சின்ன ஊர்தான் இருவருக்கும் சொந்த ஊர். எங்கள் வீடு ஊர் நடுவில். அவர் வீடு ஏரிக்கரைக்கு அப்பால், மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள தெருவில். எனக்குச் சொற்கள் மேல் பைத்தியம். ஒரு சொல் காதில் விழுந்தால் அதன் பூர்வீகத்தைக் கிளறாமல் எனக்குச் சோறு இறங்காது. வட்டாரச் சொற்களை எழுதிவைக்கத் தனி நோட்டே போட்டிருக்கிறேன். ஒருமுறை செஞ்சிச் சந்தையில் ஜோசப்ராஜின் மனைவி விமலா, "மஞ்சப்பூசணில ஒரு கீத்து குடு" என்றார். கடைக்காரப் பெண், "பறங்கிக்காயா?" என்றாள். விமலா விரலை நீட்டி, "மஞ்சப்பூசணி" என்றே மறுபடியும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் 'மஞ்சப்பூசணி: எங்கள் ஊர்க் கிறித்தவர் தெரு வழக்கு' என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். புதையல் கிடைத்த பெருமை எனக்கு.

ராஜகிரி உச்சியில் ஒரு பெரிய பீரங்கி கிடக்கிறது. மூச்சிரைக்க ஏறி வந்தவர்கள் அதைப் பார்த்ததும் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். எவ்வளவு தூரம் சுடும், இவ்வளவு கனத்தை எப்படி ஏற்றினார்கள் என்று. ஜோசப்ராஜ் தெரிந்ததைச் சொல்வார், தெரியாததைத் தெரியாது என்பார். மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். ஒரு கல்லூரிப் பெண், "இதுக்கு ஏன்ணா பீரங்கின்னு பேரு?" என்று கேட்டாள்.

"பேரு கெடக்குதும்மா. அந்தப் பக்கம் வா, ராணிக்கோட்ட தெரியும்" என்று சொல்லி ஜோசப்ராஜ் நகர்ந்தார்.

எனக்குப் பொறுக்குமா? முன்னால் போய் நின்றுகொண்டேன். ஃபிராங்க் என்பது ஐரோப்பாவில் இருந்த ஒரு கூட்டத்தாரின் பெயர், அரபு நாட்டார் மேற்கிலிருந்து வந்தவர்களையெல்லாம் அந்தப் பெயராலேயே குறித்தார்கள், பாரசீகத்தில் அது ஃபரங்கி ஆனது என்று தொடங்கினேன். வெள்ளைக்காரன் கப்பலில் வந்து இறங்கியதும் நம்மவர் வாயில் அவன் பறங்கி. பறங்கிப்பேட்டை, பறங்கிமலை, பறங்கிக்காய் எல்லாம் அந்த வழியில் வந்தவை. அவன் கொண்டுவந்த ஆயுதத்துக்கும் அவன் பெயரே நிலைத்து, வாய்க்கு வாய் மாறிப் பீரங்கி ஆயிற்று. அந்தப் பெண் மும்முரமாகக் கைப்பேசியில் பதிவு செய்தாள். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ஜோசப்ராஜ் தூரத்தில் மதிலோரம் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். அதிகம் படிக்காதவர், வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதும் வண்டிகள் கூடின. வாயில் வந்ததையெல்லாம் வரலாறு என்று அவிழ்த்துவிடுகிறவர்களும் கூடினார்கள். அதனால் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் வரலாற்று மன்றம், கோட்டை காட்டுகிறவர்களுக்கு வாய்மொழித் தேர்வு வைத்து அட்டை கொடுப்பது என்று முடிவு செய்தது. அட்டை உள்ளவர்களை மட்டுமே கூப்பிடுவோம் என்று சுற்றுலா வண்டிக்காரர்களும் ஒப்புக்கொண்டார்கள். கேள்விகளை எழுதியவன் நான். மொத்தம் இருபது. ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் அட்டை கிடையாது என்று பிடிவாதம் பிடித்தவனும் நானே. மன்றத்தில் இருக்கும் கலைமதி, கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர், "இவ்ளோ கறார் வேணாம் சார். பாவம், பொழப்பு" என்றார். நான் கேட்கவில்லை. இருபதாவது கேள்வி, 'பீரங்கி என்னும் சொல்லின் பொருளும் தோற்றமும் கூறுக.' ஜோசப்ராஜை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அதை எழுதினேன் என்பதை இப்போது மறைத்துப் பயனில்லை.

தை மாதம் ஒரு காலையில் மன்றத்தின் அறையில் தேர்வு நடந்தது. நானும் கலைமதியும் மேசைக்கு இந்தப் பக்கம். ஜோசப்ராஜ் துவைத்த வெள்ளைச் சட்டையில் வந்து எதிரே உட்கார்ந்தார். பத்தொன்பது கேள்விகளுக்கும் தடங்கல் இல்லாமல் பதில் வந்தது. கல்யாண மகாலின் அடுக்குகள், சுனைகள், நெற்களஞ்சியம், மதில் எந்தக் காலத்தில் யாரால் கட்டப்பட்டது எல்லாம். நெற்களஞ்சியத்தின் சுவர் கனத்தை நான் தவறாகச் சொல்ல, அவர் என்னைத் திருத்தினார். பிறகு இருபதாவதைக் கேட்டேன். அவர் மேசையைப் பார்த்தபடி இருந்தார்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லு ஜோசப்பு" என்றேன்.

"தெரியும் சார். எங்க பங்குச் சாமியாரு எப்பவோ சொன்னாரு. நீங்களும் மேல நின்னு சொன்னீங்க."

"அப்பறம் இன்னா? சொல்லிட்டு அட்டைய வாங்கிட்டுப் போ."

"வேற எதுனா கேளுங்க சார். பத்துகூடக் கேளுங்க."

கலைமதி என்னைப் பார்த்து, "விட்டுடலாம் சார்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்பது வருடம் பிள்ளைகளை மேய்த்த கோபம். "எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். ஒரு வார்த்த. அத வாயால சொல்றதுக்கு இவருக்கு இன்னா கஷ்டம்?" என்றேன்.

ஜோசப்ராஜ் எழுந்து நின்றார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். நின்றபடியே, குரலை உயர்த்தாமல் பேசினார்.

"உங்க வூட்டுக் கெணறு வெட்டனது எங்க நைனா. ஊர்ல பாதிக் கெணத்துக்கு அவருதான் பாறைக்கு வெடி வெச்சாரு. வெள்ளக்காரன் சாமிய கும்புடுறவன்னு ஊர்ல அவர அந்த வார்த்தையாலதான் கூப்புடுவாங்க. உங்கப்பாவும் அப்டிதான் கூப்புடுவாரு. ஏய்ன்னு கூப்புடுற மாதிரி, சாதாரணமா. உங்க கெணத்த ஆழப்படுத்தறப்ப ஒரு வெடி வெடிக்கல. பாக்கலாம்னு எறங்கனாரு. எறங்கனப்பறம் வெடிச்சுது. எனக்கு அப்ப பதினஞ்சு வயசு."

அந்த விபத்து எனக்குத் தெரியும். அப்போது நான் வெளியூரில் வேலையில் இருந்தேன். அப்பா கடிதம் எழுதியிருந்தார். அப்பா தாண்டவராயன் கெட்ட மனிதர் இல்லை. இறந்தவர் வீட்டுக்கு நெல் அனுப்பினார், மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தார் என்று அம்மா சொன்னாள். கிணற்று மேட்டில் அவர் நினைவாக ஒரு கல்லும் நட்டார்.

"அந்தக் கல்லுல அவரு பேரு இல்ல சார்" என்றார் ஜோசப்ராஜ். "அந்த வார்த்ததான் இருந்துச்சி. வார்த்த, அதுக்குக் கீழ நினைவாகன்னு. எங்கம்மா அருளம்மாளு உங்கப்பாகிட்ட வந்து நின்னுச்சி. பேர மாத்தி வெட்டுங்க சாமின்னு கேட்டுச்சி. அவரு திட்டல. ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பேரு அதானம்மா, நெசப் பேர வெட்டனா யாருன்னு எவனுக்குத் தெரியும்னு கேட்டாரு. அம்மா திரும்பி வந்துடுச்சி. மறுநா வெடியக்கால நைனாவோட உளிய எடுத்துப் போய் நான்தான் அத செதுக்கி எடுத்துட்டேன். அன்னிலேர்ந்து எங்க வூட்ல அந்த வார்த்தய யாரும் சொல்றதில்ல. காய்க்குக்கூடச் சொல்றதில்ல. எம் பொண்டாட்டி கல்யாணம் ஆகி வந்தன்னிக்கே அம்மா சொல்லிடுச்சி. அட்ட இல்லன்னா போவுது சார். வேற வேல பாத்துக்கறேன்."

அந்தக் கல்லை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மழையில் எழுத்து உதிர்ந்துவிட்டது என்றே நினைத்துவந்தேன். கருங்கல் இத்தனை சீக்கிரம் உதிருமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. நோட்டில் 'மஞ்சப்பூசணி'க்கு அடிக்கோடு போட்டது நினைவுக்கு வந்தது. ஒரு தாய் தன் வீட்டுக்குப் போட்ட கட்டளையை நான் வட்டார வழக்கு என்று பதிவு செய்திருக்கிறேன். அரபு நாடு வரை போய்ச் சொல்லைத் துரத்தியவன், ஏரிக்கரையைத் தாண்டவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அப்பாவின் மேல் கோபமும், அவரைக் கோபிக்கத் தகுதியில்லையே என்ற துக்கமும் ஒன்றாக வந்தன.

கேள்வித்தாளை எடுத்து இருபதாவது கேள்வியை அடித்தேன். "உட்காருங்க ஜோசப்ராஜ்" என்றேன். அவரை நான் 'ங்க' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் கொஞ்சம் தயங்கி உட்கார்ந்தார்.

கலைமதி ஒரு புது அட்டையை என் பக்கம் நகர்த்தினார். விண்ணப்பத்தில் 'ச. ஜோசப்ராஜ்' என்று இருந்தது. அப்படியே எழுதத் தொடங்கினேன்.

"இனிஷியல் வேணாம் சார்" என்றார் அவர். "நைனா பேர முழுசாப் போடுங்க. மேல வர்றவங்க படிக்கட்டும்."

சரி என்று தலையாட்டிப் பேனாவை அட்டையில் வைத்தேன். வைத்த இடத்தில் மை பரவியது. அந்த மனிதர் வெட்டிய கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் நான். எங்கள் நிலத்தில், எங்கள் கிணற்றில் அவர் செத்தார். எனக்கு இப்போது அறுபத்தெட்டு வயது.

"உங்க அப்பா பேரு என்னங்க?" என்று கேட்டேன்.

"சவரிமுத்து" என்றார் ஜோசப்ராஜ்.