அடுப்புக்கு மேலே காய்ந்த பனிக்கரடி

ஈரமான வாட்டர்கலர் தாள் புகையில் காயும்போது ஒரு வாசம் வரும். மழையில் நனைந்த சட்டையை அடுப்போரம் போட்டால் வருமே, கிட்டத்தட்ட அதுதான். எனக்கு அது பயத்தின் வாசம். சிரிக்காதீர்கள், கதையைக் கேளுங்கள்.

ஓப்பநாயக்க ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். மலையை வெட்டி வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் கடைசி வீடு, அதாவது தொங்கல் காம்பரா, எங்களுடையது. அப்பாவுக்கு எம்பிலிப்பிட்டியவில் கடை வேலை, எப்போதாவதுதான் வருவார். அம்மா கொழுந்து எடுக்கப் போவார். வீட்டில் நானும் தம்பியும்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் மிஸ் எங்களுக்கு 'குளிர்கால மிருகங்கள்' என்று ஒரு புராஜெக்ட் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய கலர் பெட்டிகள், தடித்த தாள்கள். தம்பிக்குப் பென்குயின், எனக்குப் பனிக்கரடி. சின்னதும் பெரியதுமாக எல்லோரும் ஒரே வகுப்பறையில் குனிந்து கிடந்தோம்.

பெட்டியில் வெள்ளை நிறமே இல்லை...

"கரடியச் சுத்தி நீலத்தப் பூசுங்க. கரடிய மட்டும் தொடாம விட்டுருங்க" என்றார் மிஸ். நீலம் காய்வதற்குள் உப்பைத் தூவச் சொன்னார். உப்பு விழுந்த இடமெல்லாம் வெளுத்து, பனி பெய்த மாதிரியே வந்தது. அட்டைக் கடிக்குத் தேய்க்கிற உப்பு இப்படியெல்லாம் செய்யுமா என்று வாயைப் பிளந்தோம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மிஸ் பனியைப் பற்றியும் சொன்னார்.

"பனி கூடுனா மலையில இருந்து சரிஞ்சு வரும். கீழ இருக்கிறதெல்லாம் மூடிரும்."

மலை சரிவது எங்களுக்குத் தெரியும். எங்களுடையது வெள்ளையாக வராது, அவ்வளவுதான். தம்பி எழுந்து கேட்டான்: "மிஸ், அப்ப கரடிய எந்திரிச்சு ஓடச் சொல்லி யாரு சொல்லுவாங்க?"

மிஸ் ஜன்னல் வழியாக மேலே பார்த்தார். அன்றைக்குப் பிடித்த பயம்தான் எனக்கு.

மழை விடவே இல்லை. படங்கள் காயவும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த இரண்டையும் அம்மா அடுப்புக்கு மேலே கொடி கட்டித் தொங்கவிட்டார். விறகை அள்ளி வைத்து, "புகை பட்டு கரடி கறுத்துப்போச்சுன்னா என்னையக் கேக்கக் கூடாது" என்றார்.

அன்று பின்னேரம் அடுப்பு இருக்கிற குசினிக்குப் பின்னால் மண் வெடித்திருந்ததை யாரோ கண்டார்கள். வடிகால் கானில் தண்ணீர் சிவப்பாக ஓடியது. கிராம சேவகர் மழையில் நின்று சிங்களத்தில் கத்தினார்: "ஒக்கோம இக்மனட்ட இஸ்கோலேட்ட யன்ன!" எல்லோரும் சீக்கிரம் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அம்மா எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு ஓடினார். எதிர் மேட்டில்தான் பள்ளிக்கூடம்.

அங்கே, தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கிற கங்காணி பெரட்டு எடுத்தார். வேலைக்கு முன்னால் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. அவருக்குத் தோட்டமே மனப்பாடம். அதே குரலில் ஒவ்வொரு காம்பராவாகக் கூப்பிட்டார். "இருக்கேன்", "இருக்கேன்" என்று பதில் வந்துகொண்டிருந்தது.

"பார்வதி!"

பதில் இல்லை. அம்மாவின் பெயர் அது. ஒருநாளும் பெரட்டுக்குப் பிந்தாத அம்மா.

"தண்ணி எடுத்துட்டு வாறேன்" என்றுதான் எங்களிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "பார்வதி லயத்துப் பக்கம் எறங்குறதப் பாத்தேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

மலை சரிந்தால் என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. அதனால் எல்லாச் சத்தமும் அதுவாகவே கேட்டது. கூரைத் தகரம் அடித்தால் அது. யாராவது வாங்குப் பலகையை இழுத்தால் அது. தம்பி என் கையை விடாமல், "அக்கா, அம்மாவ எந்திரிச்சு வரச் சொல்லி யாரு சொல்லுவாங்க?" என்றான். நான் அவன் வாயைப் பொத்தினேன்.

கங்காணி வாசலுக்குப் போய், மலைக்குக் கேட்கிற மாதிரி கூப்பிட்டார். "பார்வதீ...!"

மழைதான் கேட்டது.

பிறகு படிக்கட்டில் ஒரு தலை தெரிந்தது. முழங்கால் வரை சேறு. கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்மா ஏறி வந்தார்.

"ஒனக்கென்ன பைத்தியமா புள்ள?" கங்காணி கத்தினார்.

"அடுப்ப அணைக்காம வந்துட்டேங்க. படம் காயட்டும்னு வெறக அள்ளி வச்சிருந்தேன். மலை வருமோ வராதோ, நெருப்புப் பத்திக்கும்ல? பக்கத்துக் காம்பராக்காரங்க என்னா ஆகுறது?"

படங்கைப் பிரித்தார். பென்குயின் இருந்தது. கரடியும் இருந்தது, ஒரு பக்கம் புகையில் மஞ்சளாகி. நான் படத்தை வாங்கவில்லை. அம்மாவின் ஈரச் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கங்காணி மட்டும் நகரவில்லை. மறுபடியும், மெதுவாக, "பார்வதி" என்றார்.

அது பெரட்டு என்று அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. "இருக்கேங்க" என்றார்.

இருட்டுவதற்குள் மலை இறங்கியது. லொறியிலிருந்து கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். எங்கள் காம்பரா போய்விட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மலைக்குக் கீழே சமதரையில் தனி வீடு. கேஸ் அடுப்பு. அந்தப் பழைய காம்பராவிலிருந்து மிஞ்சிய இரண்டு படங்களும் அங்கே சுவரில் இருக்கின்றன. நான் கொழும்புப் பக்கம். இன்றைக்கு என் மகள் ஸ்கூல் புராஜெக்ட்டுக்கு ஒரு பனிக்கரடி வரைந்து, ஃபேனுக்குக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிட்டது. அவளுக்கு எதிலும் பயம் இல்லை, நல்லது.

வெளியே மழை பலத்தது. நான் போனை எடுத்தேன்.

"அம்மா? கேஸ மூடியாச்சா?"

"மூடிட்டேன்டி."

நான் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கமும் மழைச் சத்தம்...

அம்மாவே சொன்னார்.

"இருக்கேன்."