பசி என்று பேர் வைத்த படம்

மானாம்பதிப் பக்கம் ஒரு கழனியில் எடுத்த படம்தான் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. நடவுக்கு வந்த ஓர் இருளர் பெண் வரப்பில் குந்திக்கொண்டு, தலையைக் கவிழ்த்துச் சாப்பிடுகிறாள். தூரத்தில் இருந்து, அவளுக்குத் தெரியாமல் எடுத்தேன். கறுப்பு வெள்ளையாக மாற்றி, ‘பசி’ என்று பேர் வைத்தேன். சென்னையில் ஒரு கண்காட்சியில் மாட்டினார்கள். பார்த்தவர்கள் எல்லாம் உச்சுக்கொட்டினார்கள். நானும் பெரிய ஆளாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் திமிரோடுதான் படத்தை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் அவள் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். சந்தோஷப்படுவாள் என்று நினைப்பு. அவள் தன் மகளைக் கூப்பிட்டு, கீழே இருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னாள். மகள் படித்தாள்.

“யாருக்குப் பசி? எனக்கா? அன்னிக்கி நண்டுக் கொயம்பும்மா. மதகாண்ட நானே புட்ச்சது. ரெண்டாந்தபா போட்டுத் தின்னுகினு இருந்தேன். நீ இன்னாடான்னா என்னைப் பிச்சக்காரி ஆக்கிட்டு வந்து கீற.”

குழம்பின் சிவப்பை அழித்தவள் நான்தானே. வெட்கமாக இருந்தது. மன்னிச்சுக்கோங்க அக்கா என்றேன். மன்னிப்பை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

“இத்த எத்தினி பேரு பாத்தாங்க?”

தெரியாது என்றேன்.

“அத்தினி பேரும் என்னை ஒயுங்கா பாக்கணும். எடு.”

உள்ளே போய் ரோஸ் கலர் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கைகளைத் தொங்கவிட்டு, விறைப்பாக நின்று, கேமராவை நேராகப் பார்த்தாள். இயல்பாக இருங்களேன் என்று ஆரம்பித்தேன்.

“நான் இப்டித்தான் நிப்பேன். நீ உன் வேலையப் பாரு” என்றாள்.

அடுத்த கண்காட்சிக்காரர்கள் ‘பசி’யைத்தான் கேட்டார்கள். புதுப் படத்தை அனுப்பினேன். ஆதார் அட்டைப் படம் மாதிரி இருக்கிறதாம். பழையதைக் கொடுத்தால் வைக்கிறோம், இல்லாவிட்டால் வேண்டாம் என்றார்கள். எனக்கும் வேண்டாம் என்று போனை வைத்தேன். வயிறு எரியத்தான் செய்தது. அதற்காக அவளை இன்னொரு தடவை பட்டினி போட முடியுமா?

உத்திரமேரூரில் பிளக்ஸ் கடைக்குப் போய், பத்தடி உயரத்துக்கு வண்ணத்தில் அடிக்கச் சொன்னேன்.

“இன்னா விசேஷம்? காதுகுத்தா, கண்ணீர் அஞ்சலியா?” என்றார் கடைக்காரர்.

விசேஷம் ஒன்றும் இல்லை, ஓர் எழுத்துகூட வேண்டாம் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

கூட்டு ரோட்டில் அதைக் கட்டும்போது அவளும் வந்து கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். அப்போது வந்து நின்ற பஸ்ஸின் சன்னலில் இருந்து ஓர் ஆள் எட்டிப் பார்த்தார்.

“அய்யோ பாவம், எப்ப செத்தாங்க?” என்று அவளிடமே கேட்டார்.

அவள் படத்துக்குக் கீழே போய், கைகளைத் தொங்கவிட்டு நின்றாள்.

“இங்கதான் கீறேன். நல்லா பாத்துட்டுப் போ.”